கிட்னி மாற்று செய்தவர்களின் மருந்துச் சீட்டு: மலைமேல் உள்ள கடையில் ஃபார்மசிஸ்ட் எதைப் பார்க்க வேண்டும்?

நாகலூர் ரோடு கேட்டது:

வணக்கம்ங்க. ஏற்காட்டில் மருந்துக்கடை. கிட்னி மாற்று செய்துகொண்டவர்கள் சிலரும் கல்லீரல் மாற்று செய்துகொண்ட ஒருவரும் மாதாமாதம் இங்கேதான் மருந்து வாங்குகிறார்கள். அறுவை சிகிச்சை நடந்தது கோவை, சென்னை, வேலூர் என்று வெவ்வேறு ஊர்களில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அங்கே போய் வருகிறார்கள். நடுவில் காய்ச்சல், சளி, படர்தாமரை, பல்வலி எது வந்தாலும் முதலில் வந்து நிற்பது எங்கள் கவுண்டரில்தான்.

கேட்க நினைப்பது நான்கு. பெரிய மருத்துவமனைகளில் உறுப்பு மாற்றுக் குழுவிலேயே ஒரு ஃபார்மசிஸ்ட் இருக்கிறார் என்கிறார்கள். அவர் அங்கே என்ன வேலை செய்கிறார்? அதில் எவ்வளவை ஒரு சாதாரண கடையில் செய்ய முடியும், எதில் கை வைக்கக் கூடாது? டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து; சுருக்கமாக டாக்ரோ) ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற லெவலுக்கு ரத்தம் கொடுக்க இவர்கள் சேலம் இறங்க வேண்டும். காலை மாத்திரையை எப்போது போடச் சொல்வது? கடைசியாக, மலையில் விளைகிற ஆரஞ்சு, பம்பளிமாஸ், மிளகு, காபி பற்றித் தினமும் கேட்கிறார்கள். எது ஆகும், எது ஆகாது?

பொதுவாக "டாக்டரைக் கேளுங்கள்" என்பது எனக்கும் தெரியும். அதற்கு முந்தைய படியில் நாங்கள் கவனிக்க வேண்டியது எது என்பதுதான் கேள்வி.

---

வார்டு ஃபார்மசிஸ்ட் பதில்:

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 2011-இல் வந்த திருத்தம், மருத்துவமனைகளில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஃபார்மசிஸ்டுக்கு அப்படியொரு கட்டாயம் இங்கே இல்லை. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேருக்கு 2007-இல் வந்த விதிகள், குழுவில் மருத்துவர், நர்ஸ், உணவியல் நிபுணர், சமூகப் பணியாளர், ஒருங்கிணைப்பாளர் ஆகியோருடன் மருந்தியல் அறிந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டன. நம் நாட்டில் ஃபார்ம்.டி. (மருந்தாளுநருக்கான டாக்டர் பட்டம்) படிப்பு 2008-இல் வந்தது. நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-இன் ஃபார்மசி பிராக்டிஸ் விதிமுறைகள் சொல்கின்றன. அந்தக் கடமை கடைக்கும் சேர்த்துத்தான்.

மருத்துவமனைக்குள் இந்த வேலை அறுவைக்கு முன்பே தொடங்கிவிடும். நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு தாளில் எழுதி, எது பின்னால் தொல்லை தரும் என்று தேடுவோம். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர் என்றால் அது கல்லீரலில் டாக்ரோலிமஸை வேகமாகச் சிதைக்கும். நரம்பியல் மருத்துவரோடு பேசி லெவெட்டிராசிட்டம் போன்ற ஒன்றுக்கு முன்கூட்டியே மாற்ற முடியுமா என்று பார்ப்போம். அறுவை முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் இரண்டு வாரம் லெவலைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டியிருக்கும்.

அறுவைக்குப் பிறகு தினமும் ரவுண்ட்ஸில் பார்ப்பது டாக்ரோ லெவல், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம், மெக்னீசியம், வெள்ளணு எண்ணிக்கை, சர்க்கரை. டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏற்றும், மெக்னீசியத்தை இறக்கும். நிமோசிஸ்டிஸ் நிமோனியா வராமல் இருக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோலும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேரும்போது நோயாளி இளநீர் குடித்துக்கொண்டிருந்தால் கணக்கு எங்கே போகும் என்று யோசியுங்கள். சி.எம்.வி. கிருமிக்கான வால்கன்சிக்ளோவிர் டோஸ் முழுக்கச் சிறுநீரகத்தின் வேகத்தைப் பொறுத்தது: நன்றாக வேலை செய்தால் தினம் 900 மி.கி., கிரியாட்டினின் கிளியரன்ஸ் 40 முதல் 59 வரை என்றால் தினம் 450, 25 முதல் 39 வரை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 450. புதுச் சிறுநீரகம் வாராவாரம் தேறிவரும். சீட்டு பழைய டோஸிலேயே நின்றுவிடும். அதைப் பிடிப்பது ஃபார்மசிஸ்ட் வேலை. இந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கடையில் அரை மாத்திரை வெட்டிக் கொடுக்கும் பழக்கம் இதில் வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியம் வீட்டுக்கு அனுப்பும்போது நடக்கும் பயிற்சி. ஒரே நாளில் சொல்லி முடிக்கக் கூடாது, மூன்று நாளாவது வேண்டும். நாம் பேசுவது பாதிதான்; மீதிப் பாதி நோயாளி தானே டப்பாவில் மாத்திரையை நிரப்பிக் காட்டுவது. டாக்ரோலிமஸ் 0.25, 0.5, 1, 2, 5 என்று பல அளவுகளில் வருகிறது. காலை ஒன்றரை மி.கி., இரவு ஒரு மி.கி. என்றால் காலையில் ஒரு 1-ம் ஒரு 0.5-ம். "ஒன்றரை மாத்திரை" என்று யாராவது சொன்னால் அங்கேயே தப்பு தொடங்கிவிட்டது. கேப்ஸ்யூலை அரையாக்க முடியாது. அதனால் தாளில் மி.கி. அளவையும் கேப்ஸ்யூல் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுவோம். டாக்டர் ஃபோனில் டோஸை மாற்றினாலும் நோயாளி அதை எழுதி, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும்.

0.5-ஐப் புள்ளி தெரியாமல் எழுதினால் 5 ஆகிவிடும், பத்து மடங்கு. கடையில் டாக்ரோ 5 மி.கி. என்று சீட்டு வந்தால், போன மாதச் சீட்டோடு ஒப்பிடாமல் கொடுக்காதீர்கள்.

இன்னொரு இரட்டைப் பெயர்ச் சிக்கல்: நோய் எதிர்ப்பை அடக்கும் அசத்தியோப்ரின், ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின். அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். தினமும் தொடர்ந்து ஒரு மாதத்துக்கு அசித்ரோமைசின் என்று சீட்டு சொன்னால் நிறுத்தி விசாரியுங்கள். எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபினோலேட்டிலும் இரண்டு வடிவம். மொஃபெட்டில் 250, 500 என்று வரும். சோடியம் 180, 360 என்று வரும். 1000 மி.கி. மொஃபெட்டிலுக்கு ஏறத்தாழ 720 மி.கி. சோடியம் சமம். "500 இல்லை, 360 இருக்கு, அதையே எடுத்துக்கோங்க" என்பது கடையில் எடுக்கும் முடிவு அல்ல.

குழந்தை பெறும் வயதுள்ள பெண் மைக்கோஃபினோலேட் சாப்பிட்டால், கருத்தடை பற்றி யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். கருவுக்கு நேரடியாகக் கேடு செய்யும் மருந்து அது. கரு தரிக்க விரும்பினால் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே மாற்று மருந்துக்குப் போக வேண்டும், அதுவும் மாற்றுக் குழுவின் கண்காணிப்பில். நம் ஊரில் கூச்சத்தால் விட்டுப்போகிற கேள்வி இதுதான். மனைவியிடம் சொல்ல வேண்டியதைக் கணவனிடம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள்.

---

செவ்வாப்பேட்டை பதில்:

சார் மருத்துவமனைப் பக்கம் சொல்லிவிட்டார். கடைப் பக்கத்தை நான் சொல்கிறேன் அண்ணா.

ஒன்று, பிராண்ட். "உள்ளே இருப்பது அதே மருந்துதானே" என்று நமக்கு வாயில் வந்துவிடும். பாராசிட்டமாலுக்கு அது சரி. டாக்ரோலிமஸ் அப்படியல்ல. பலன் தரும் அளவுக்கும் கேடு தரும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறுகியது. ஒரு கம்பெனி மாத்திரையில் லெவல் 6 நின்றவருக்கு இன்னொன்றில் 4.5 ஆகலாம், 8 ஆகலாம். மாற்றுவதே பாவம் என்று சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரிந்து மாற்றி, ஒரு வாரத்தில் லெவல் பார்த்து, டோஸைச் சரிசெய்தால் எந்தப் பிராண்டும் வேலை செய்யும். யாருக்கும் தெரியாமல் மாதம் ஒன்றாக மாறுவதுதான் சிறுநீரகத்தைத் தின்னும். சட்டமும் நம் கையைக் கட்டித்தான் வைத்திருக்கிறது: 1945 மருந்து விதிகளில் 65(11ஏ) பிரிவின்படி, ஷெட்யூல் ஹெச் (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய) மருந்துக்குச் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது, உள்ளே அதே மருந்து இருந்தாலும் சரி.

அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்குபவர்களுக்குக் கொள்முதல் ஒப்பந்தம் மாறும்போது கம்பெனியும் மாறலாம். அவர்கள் இடையில் இரண்டு நாளைக்கு மட்டும் நம் கடைக்கு வருவார்கள். "இப்போது சாப்பிடும் அட்டையை எடுத்துக்கொண்டு வாங்க" என்று சொல்லிப் பழக்குங்கள். வாய்வழியாகப் பெயர் கேட்டுக் கொடுக்க வேண்டாம்.

இதைவிட ஆபத்தானது, தினம் இரு வேளைக்கான சாதாரண கேப்ஸ்யூலையும் தினம் ஒரு வேளைக்கான நீடித்து வெளியிடும் கேப்ஸ்யூலையும் குழப்புவது. பெட்டி பார்க்க ஒரே குடும்பம்போல இருக்கும். அலமாரியில் இரண்டையும் வேறு வேறு தட்டில் வையுங்கள். சீட்டில் "1-0-1" (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று இருந்து பெட்டியில் எக்ஸ்டெண்டட் ரிலீஸ் என்று இருந்தால் பில் போடாமல் ஃபோன் போடுங்கள்.

இரண்டு, இருப்பு. பத்து நாள் மாத்திரை மீதியிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு ஆர்டர் போட வேண்டும். எப்போதும் ஏழு நாள் மாத்திரை நோயாளியின் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். சேலத்தில் இருக்கும் எங்களுக்கே ஸ்டாக்கிஸ்ட் இரண்டு நாள் இழுத்தடிப்பது உண்டு. உங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் குப்பனூர் வழி ஒன்றுதான் மிச்சம். வருகிறவர்கள் நாலு பேர்தான் என்பதால் அவரவர் பிராண்ட், அளவு, கடைசியாக வாங்கிய தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும், கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. அந்த நோட்டு இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். முப்பது நாள் மருந்தை நாற்பது நாள் கழித்து வந்து ஒருவர் வாங்கினால், பத்து நாளுக்கு என்ன செய்தார்? காசு போதாமல் ஒரு வேளையாகக் குறைத்திருப்பார். திட்டாமல் கேளுங்கள். காரணம் பணம் என்றால் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடமும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கவுண்டரிலும் பேச வழி இருக்கிறது. குறைத்துச் சாப்பிட்டுப் போன சிறுநீரகத்துக்கு வழி இல்லை.

மூன்று, வைக்கும் இடம். டாக்ரோ கேப்ஸ்யூலுக்கு ஈரம் ஆகாது. அலுமினிய உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வரும் பிராண்டுகள் உண்டு. உறையைப் பிரித்து அட்டையை மட்டும் கொடுக்காதீர்கள். மலையில் மூடுபனி மாதங்களில் வாரக்கணக்கில் சுவரே ஈரமாக இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம். கீழே சேலத்தில் பிரச்சினை தலைகீழ்: சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ பைக் டேங்க் பையிலோ விட்டுவிட்டுப் போவது.

கவுண்டரில் சொல்லாமல் கொடுத்துவிடுகிற மருந்துகள் பற்றி: வலி என்று வந்தால் டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் மூன்றும் வேண்டாம். டாக்ரோலிமஸே சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. இவை அதை இன்னும் சுருக்கும். பாராசிட்டமால் போதும். மூக்கடைப்புக்கு ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த கோல்டு மாத்திரை பிரஷரை ஏற்றும். அசிடிட்டிக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெல் மைக்கோஃபினோலேட் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி.

---

நாகலூர் ரோடு:

இரண்டு பேருக்கும் நன்றிங்க. நோட்டு இன்றைக்கே போட்டுவிட்டேன். படர்தாமரைக்குச் சேலத்தில் ஸ்கின் டாக்டரைப் பார்த்துவிட்டு இட்ராகொனசோல் சீட்டோடு வருகிறார்கள், அதைக் கொடுக்கலாமா? ரத்தப் பரிசோதனை நேரம் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் லேபுக்குப் போய்ச் சேர எட்டரை, ஒன்பது ஆகிவிடுகிறது.

---

ஐந்து ரோடு லேப் பதில்:

ரத்தம் எடுப்பது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டாக்ரோ லெவல் என்பது ட்ரஃப், அதாவது அடுத்த வேளைக்குச் சற்று முன் ரத்தத்தில் இருக்கும் மிகக் குறைந்த அளவு. இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு ஊசி, அதன் பிறகுதான் காலை மாத்திரை. அரை மணி முன்பின் இருந்தால் பரவாயில்லை. பத்து மணிக்கு எடுத்தால் அது 14 மணி நேர லெவல். 7 இருக்க வேண்டியது 6 சொச்சம் என்று காட்டும். டாக்டர் அதைப் பார்த்து டோஸை ஏற்றுவார். இன்னும் மோசம், வழக்கம்போல வீட்டில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறுவது. போட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் அளவு உச்சத்துக்குப் போகும். 7 என்பது 15, 20 என்று வரும். உடனே டோஸ் பாதியாகக் குறையும். அதற்குப் பிறகு உடம்பு அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கினால் யாருக்கும் காரணம் புரியாது.

ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு எளிய வழி, பஸ்ஸை நேரத்துக்கு இழுக்காமல் மாத்திரை நேரத்தைப் பஸ்ஸுக்குப் பொருத்துவது. லேபுக்கு ஒன்பது மணிக்குத்தான் வர முடியும் என்றால், டாக்டரிடம் சொல்லி எப்போதுமே காலை 9, இரவு 9 என்று வைத்துக்கொள்ளலாம். அது முடியாவிட்டால் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தாவது 9-க்கு மாற்ற வேண்டும். காலை டோஸைச் சிறிய டப்பாவில் கையோடு கொண்டுவந்து, ஊசி போட்டதும் லேபிலேயே தண்ணீரோடு போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இட்லி. மே மாதம் கோடை விழா நாட்களில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நின்று நின்றுதான் நகரும். அந்த வாரத்தில் பரிசோதனை வைத்துக்கொள்ளாமல் இருந்தால் நல்லது, முடியாவிட்டால் முந்தின நாளே இறங்கிச் சேலத்தில் தங்க வேண்டும்.

எங்களிடம் வரும்போது கடைசி மாத்திரை போட்ட நேரத்தைச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் ஊசி போட்ட நேரத்தோடு அதையும் எழுதச் சொல்லுங்கள். பல சீட்டுகளில் இது இருப்பதில்லை. எண் மட்டும் போகிறது. எடுக்க வேண்டியது ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் முழு ரத்தம். டாக்ரோலிமஸ் பெரும்பகுதி சிவப்பணுக்குள் இருப்பதால் சீரம் பிரித்து அனுப்பினால் எண் தப்பாகவே வரும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பழக்கத்தில் சென்ட்ரிஃபியூஜில் போட்டுவிடுவது உண்டு.

கடைசியாக ஒன்று: எப்போதும் ஒரே லேப். இம்யூனோஅசே முறை மருந்தின் சிதைபொருளையும் கொஞ்சம் சேர்த்து எண்ணுவதால், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். இந்த மாதம் ஒரு லேப், அடுத்த மாதம் வேறு லேப் என்றால், மாறியது மருந்தா முறையா என்று சொல்ல முடியாது. நாங்கள் வெளியூருக்கு அனுப்பும் மாதிரி என்றால் எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்டால் சொல்வார்கள்.

---

வார்டு ஃபார்மசிஸ்ட் பதில்:

லேப் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டோஸ் மாற்றிய மறுநாளே லெவல் பார்க்காதீர்கள். புது டோஸ் நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். கிட்னி மாற்றில் முதல் மூன்று மாதம் பெரும்பாலும் ஒரு மி.லி. ரத்தத்துக்கு 8 முதல் 12 நானோகிராம் வரையிலும், வருடம் தாண்டியபின் 5 முதல் 8 வரையிலும் வைப்பார்கள். மையத்துக்கு மையம், ஆளுக்கு ஆள் இது மாறும். கல்லீரல் மாற்றில் பொதுவாக இதைவிடக் குறைவு. ரிப்போர்ட்டை வைத்து நீங்கள் "அதிகமா இருக்கே" என்று சொல்லிவிட வேண்டாம்.

இட்ராகொனசோல்: கொடுக்கக் கூடாது, மாற்றுக் குழுவிடம் பேசும்வரை. அது கல்லீரலில் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 3ஏ4 நொதியைக் கட்டிப்போடும். இரண்டு மூன்று நாளிலேயே லெவல் ஏறத் தொடங்கும். கை நடுக்கம், தலைவலி, பொட்டாசியம் உயர்வு, கிரியாட்டினின் உயர்வு. ஃப்ளூகொனசோல், வோரிகொனசோலும் அப்படியே. வோரிகொனசோலுக்கு டாக்ரோவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் தொடங்குவார்கள். படர்தாமரைக்கு மேலே தடவும் க்ரீம் முதல் தேர்வு. மாத்திரை வேண்டுமென்றால் டெர்பினாஃபின் இந்த நொதியைத் தொடாது, ஆனால் கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும். அந்தத் தோல் மருத்துவர் மீது தப்பில்லை. மாற்றுச் சிறுநீரகம் என்று நோயாளி சொல்லியிருக்க மாட்டார், "அரிக்குது" என்று மட்டும் சொல்லியிருப்பார். நீங்கள்தான் இரண்டு சீட்டையும் ஒரே மேஜையில் பார்க்கிற ஒரே ஆள். கோவையில் இருப்பவருக்கோ வேலூரில் இருப்பவருக்கோ அந்த வசதி இல்லை.

இதே வகையில் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின். தொண்டை வலிக்கு எழுதுவார்கள். அசித்ரோமைசினில் இந்தத் தொந்தரவு மிகக் குறைவு. பிரஷருக்கு டில்டியாசெம், வெராபமில் இரண்டும் லெவலை ஏற்றும். இங்கே ஒரு நுட்பம் உண்டு: நம் நாட்டில் டாக்ரோ செலவைக் குறைக்கவே வேண்டுமென்று டில்டியாசெம் சேர்த்து, குறைந்த டோஸில் லெவலைப் பிடித்துவைக்கும் பழக்கம் இருக்கிறது. உள்ளூர் டாக்டர் "பிரஷர் நன்றாக இருக்கு, இது எதுக்கு" என்று டில்டியாசெமை நிறுத்தினால் சில நாளில் டாக்ரோ லெவல் சரிந்துவிடும். புது மருந்து சேர்வதை எல்லோரும் பார்க்கிறோம். பழைய மருந்து சீட்டிலிருந்து காணாமல் போவதையும் பார்க்க வேண்டும்.

செலவுக்காக மைக்கோஃபினோலேட்டுக்குப் பதில் அசத்தியோப்ரின் சாப்பிடுபவர்களுக்கு, யூரிக் அமிலம் கூடிவிட்டது என்று அலோபியூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ எழுதி வந்தால் அது பெரிய ஆபத்து. அசத்தியோப்ரின் உடைவதை அவை தடுத்துவிடும். எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணு தரைமட்டத்துக்கு வந்துவிடும்.

இப்போது சாப்பாடு. பம்பளிமாஸ் வேண்டவே வேண்டாம், கிரேப்ஃப்ரூட்டும் அதே இனம். குடலில் உள்ள நொதியை அது முடக்கும். ஒரு பழம் சாப்பிட்டால் மறுநாள்வரை அந்த விளைவு நிற்கும், ஆகவே மாத்திரைக்கும் பழத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சமாளிக்க முடியாது. தோல் இளகிய மலை ஆரஞ்சு அந்த வகை அல்ல. பொட்டாசியம் சரியாக இருந்தால் அளவாகச் சாப்பிடலாம். பலா, இளநீர், சேலத்து மாம்பழம் மூன்றிலும் கேள்வி பொட்டாசியம், சர்க்கரை. டாக்ரோவோடு நேரடி மோதல் இல்லை. மாற்றுக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை வருவது டாக்ரோவாலும் ஸ்டீராய்டாலும் நடக்கும். காலையில் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு போடுபவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்தான் ஏறும். எனவே குளுக்கோமீட்டர் வைத்திருப்பவரிடம் மதியம் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காபியால் லெவல் மாறாது. கை நடுக்கம் இருப்பவருக்கு நடுக்கம் கூடும், அவ்வளவுதான். ரசத்து மிளகு ஒன்றும் செய்யாது. பைப்பெரின் (மிளகின் காரப் பொருள்) செறிவாகச் சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல், தினம் ஸ்பூன் கணக்கில் திரிகடுகச் சூரணம் இவற்றை நிறுத்தச் சொல்லுங்கள். டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீர், சீந்தில் என்று வீட்டுக்கு வீடு போகும். நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்று விற்கிற எதுவும், எதிர்ப்பை அடக்க மருந்து சாப்பிடுபவருக்கு எதிர்த்திசை. சீந்திலால் கல்லீரல் பாதிப்பு வந்த நோயாளிகள் நம் நாட்டிலேயே பதிவாகியிருக்கிறார்கள்.

டாக்ரோவை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போடுவது வழக்கம். எப்படிப் போட்டாலும் தினமும் அப்படியே போட வேண்டும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். தண்ணீரோடு மாத்திரை போட்டால் விரதம் கெடாது என்று வீட்டுப் பெரியவர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

---

அடிவாரம் பதில்:

ஒன்று விட்டுப்போனது, டி.பி. மாற்று செய்தவர்களுக்கு நம் ஊரில் அது வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் கூட்டு மாத்திரைக்குள் ரிஃபாம்பிசின் 150 மி.கி. இருக்கிறது. இட்ராகொனசோல் செய்வதற்கு நேர் எதிர்: டாக்ரோவைச் சிதைக்கும் நொதியை இது பெருக்கும். உடனே தெரியாது, ஒன்று இரண்டு வாரத்தில் லெவல் கீழே போய்விடும். பழைய அளவை எட்ட டோஸை இரண்டு முதல் ஐந்து மடங்குவரை ஏற்ற வேண்டியிருக்கும். பிரட்னிசலோனும் வேகமாகக் கரையும். அதனால் பல மையங்கள் ரிஃபாபுட்டினுக்கு மாற்றுகின்றன, அல்லது ரிஃபாம்பிசின் இல்லாத கூட்டைத் தேர்ந்தெடுக்கின்றன.

டி.பி. மருந்து முடியும் நாளும் ஆபத்தான நாளே. ரிஃபாம்பிசினை நிறுத்திய இரண்டு வாரத்தில் நொதி பழைய நிலைக்கு வரும். டாக்ரோ டோஸ் உயர்த்தியபடியே இருந்தால் லெவல் எகிறும். தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் அந்த நோட்டில் குறித்துவைத்து, இரண்டு தடவையும் மருத்துவமனைக்குத் தகவல் போனதா என்று கேளுங்கள். டி.பி. மாத்திரை உங்கள் கடையில் வாங்குவதில்லை என்பதால் கேட்காமல் தெரியாது.

---

நாகலூர் ரோடு:

கடைசியாக ஒன்றுங்க. வேளை தவறிவிட்டது, வாந்தி வந்துவிட்டது, வயிற்றுப்போக்கு என்று ராத்திரி ஃபோன் வருகிறது. என்ன சொல்வது?

---

வார்டு ஃபார்மசிஸ்ட் பதில்:

ஒவ்வொருவரும் அறுவை செய்த மையம் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், அதுதான் செல்லும். தாள் இல்லாவிட்டால் பல மையங்கள் சொல்லும் கணக்கு இது: இரு வேளை டாக்ரோ என்றால், அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நினைவு வந்ததும் போடலாம். அதற்குக் குறைவென்றால் விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில். எந்த நிலையிலும் இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் திரும்பப் போடச் சொல்வார்கள், ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் என்றால் மையத்துக்கு ஃபோன். இரண்டு வேளை தொடர்ந்து உள்ளே தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மலையிறங்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் சேர்ந்து நின்றுவிட்டது என்று பொருள், பிரஷர் திடீரென்று விழும்.

வயிற்றுப்போக்கில் பலரும் நினைப்பதற்கு மாறாக டாக்ரோ லெவல் ஏறும். குடல் சுவரில் வழக்கமாகச் சிதைகிற பங்கு சிதையாமல் உள்ளே போய்விடும். உடம்பில் நீரும் வற்றியிருக்கும். சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், லோபரமைடு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மைக்கோஃபினோலேட்டே போக்குக்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் அதைக் குறைப்பது அவர்கள் முடிவு. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றைக்கே டாக்டர். கடையிலிருந்து ஆன்டிபயாடிக் வேண்டாம்.

ராத்திரி ஃபோன் வரும்போது கையில் இருக்க வேண்டியது மூன்று: அறுவை நடந்த மையத்தின் ஒருங்கிணைப்பாளர் எண், நோயாளியின் மருத்துவமனைப் பதிவு எண், கடைசி டாக்ரோ டோஸ். அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இவற்றை எழுதிவிடுங்கள். அடுத்த தடவை மருந்து வாங்க வரும்போது கேட்டு வாங்கினால் போதும்.